சுவர் நுரை, தரை நுரை

வாழைப்பழ வாசனை வந்தால் கையைத் தூக்க வேண்டும். வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சோதனை அவ்வளவுதான். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தைக் கவிழ்த்து, அதற்குள் வாழைப்பழ எசன்ஸில் நனைத்த துணியைத் தொங்கவிடுவார்கள். கவசத்தின் ரப்பர் விளிம்பு முகத்தோடு ஒட்டியிருந்தால் உள்ளே ஒரு வாசனையும் தெரியாது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். வாழைப்பழம் நுழைகிற வழியில் நாளைக்குப் புகையும் நுழையும் என்பது அதன் பொருள்.

இந்தச் சோதனை புதிது. முன்பெல்லாம் காற்று வரும் குழாயை உள்ளங்கையால் பொத்தி, மூச்சை இழுத்துப் பார்த்து, கவசம் முகத்தைக் கவ்வினால் சரி என்று விட்டுவிடுவார்கள்.

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் நுரைக்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆள், தன் முறை வந்ததும் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார். எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரைக்கு அவர்தான் பொறுப்பு. பெயர் அப்படி வந்தது. இடது பக்கம் திரும்பச் சொன்னார்கள், திரும்பினார். வலது பக்கம் திரும்பச் சொன்னார்கள், அதற்கும் ஒன்றுமில்லை. அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். அண்ணாந்ததுதான் தாமதம், பழக்கடைக்குள் தலையை விட்டாற்போல் இருந்தது. கையைத் தூக்கினார்.

நிலைய அலுவலர் கிட்டே வந்து அவருடைய தாடைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

“காலைல ஷேவ் பண்ணலையாய்யா?”

“பண்ணினேன் சார்.”

“யாருக்கு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நுரைக்காரருக்கும் சிரிப்பு வரத்தான் செய்தது, ஆனால் தாடையைத் தடவிப் பார்த்தபோது அது நின்றுவிட்டது. தாடைக்கு அடியில் அவருக்கு முடி ஒரே திசையில் வளராது. சுழி போட்டுக்கொண்டு வளரும். அந்தச் சுழியில்தான் ரேசர் தாவிவிட்டுப் போயிருந்தது. நிலையத்துக் கழிப்பறையில் போய், கைகழுவும் சோப்பைக் குழைத்துப் பூசி, மறுபடியும் இழுத்தார். இந்தத் தடவை முடியும் போயிற்று, தோலும் போயிற்று. ரத்தம் துளிர்த்த இடத்தில் ரப்பர் விளிம்பு பட்டதும் சுரீரென்றது. முகம் தானாகச் சுளித்தது, சுளித்த இடத்தில் கவசம் தூக்கிக்கொண்டது. மறுபடியும் பழக்கடை.

“இன்னிக்கு இது போதும்,” என்றார் அலுவலர். “மாசக் கடைசியில சோதனைக்காரங்க திரும்ப வருவாங்க. அது வரைக்கும் நீ உள்ள போக வேண்டாம், பம்ப்ல நில்லு. அப்பவும் கையத் தூக்கினா, கட்டுப்பாட்டு அறைக்கு மாத்திடுவேன். போன் எடுக்க ஆள் இல்லன்னு அங்க தினமும் கேக்கறாங்க.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நுரைக்காரர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபத்தில் சொன்னது மறுநாள் ஆறிவிடும்; சாதாரணமாகச் சொன்னது அப்படியே நிற்கும்.

புகைக்குள் போகிறவர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். நுரைக்காரரின் ஜோடி நெட்டை என்கிற ஆள். நெட்டை முன்னால் போவான், இவர் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு பின்னால் போவார். உள்ளே கண்ணை மூடியிருப்பதும் ஒன்றுதான், திறந்திருப்பதும் ஒன்றுதான். கவசத்துக்குள் பேசினால் பாதி புரியாது. எல்லாம் அந்தக் கைதான். அழுத்தினால் நில், தட்டினால் நட, இழுத்தால் திரும்பு. பல வருடமாக அப்படிப் போய்வந்ததில், எந்தக் கதவுக்கு முன்னால் நெட்டை தயங்குவான், எங்கே அவசரப்படுவான் என்பது இவருடைய கைக்குத் தெரிந்திருந்தது. இனி அந்தத் தோளில் வேறு கை.

கட்டுப்பாட்டு அறையில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அங்கே பகல் நேரத்துக்குத் தலைமை அவருடைய மனைவி.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சட்டையின் கையை மடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

“என் அறைக்கா?”

“வேற எங்க இருக்கு அறை?”

“ஐயோ. நான் நிம்மதியா உக்கார்ற இடம் அது ஒண்ணுதாங்க. அங்கயும் வந்து ‘என் கண்ணாடி எங்க வெச்சே’ன்னு கேக்கப் போறீங்களா?”

“எனக்கு மட்டும் ஆசையா? வீட்டுலயும் நீ சொல்றத கேட்டு, அங்கயும் நீ சொல்றத கேட்டு…”

“வீட்டுல எப்ப கேட்டீங்க? அத மொதல்ல சொல்லுங்க.”

அவர் எழுந்து குளியலறைக்குப் போய்க் கண்ணாடியில் தாடையைப் பார்த்தார். தாடைக்கு அடியில் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. பழைய வாடகை வீட்டில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. அங்கே நல்ல தண்ணீர். இந்தக் குடியிருப்புக்கு வந்த பிறகு குழாயில் வருவது உப்புத் தண்ணீர். வாளியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற ரகம். அவருடைய வட்டச் சவரச் சோப்பு, கல் மாதிரி கெட்டியானது, பழைய வீட்டில் நாலு சுற்றுக்குப் பொங்கிவிடும். இங்கே பிரஷ்ஷைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோனால்தான் கொஞ்சம் பால் கலங்கினாற்போல் வரும்.

அவர் கண்ணாடி முன் நிற்பதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. கடைத்தெருவில் சோப்பு, சீப்பு, பவுடர் விற்கிற கடையில் வேலை, முன்னறையில் ஜாகை. அட்டை கிழிந்தது, மூடி நசுங்கியது, வாசனை பறந்தது என்று கடையில் விலை போகாததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்குவான். அவனுக்கு எதையும் தனியாகப் பயன்படுத்தத் தெரியாது. இரண்டு தைலத்தைக் கலப்பான், மூன்று பவுடரைக் கலப்பான், மிச்சமிருக்கும் டீயில் மிச்சமிருக்கும் காப்பியை ஊற்றிக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பான்.

“அக்கா சொல்லிச்சு மாமா. சோப்பு மாத்திப் பாருங்க. இந்தாங்க, ட்யூப் கிரீம். உப்புத் தண்ணிக்கே பண்ணினது. எலுமிச்ச வாசன.”

“உனக்கு இதெல்லாம் எப்படிடா தெரியும்? உனக்கு மொளைச்சிருக்கிறத எண்ணிடலாம்.”

“டாக்டருக்கு வியாதி வந்தாத்தான் வைத்தியம் பாப்பாரா மாமா?”

மறுநாள் காலை கிரீமைப் போட்டுப் பார்த்தார். அதென்னவோ உப்புத் தண்ணீரைக் கண்டு பயப்படவில்லை. இரண்டு சுழற்றலில் முகம் முழுக்கப் பொங்கிவிட்டது. ஆனால் கன்னத்தை முடித்துத் தாடைக்கு வருவதற்குள் அங்கே நுரை காய்ந்து, தோல் இழுத்துப் பிடித்தது. சுழியில் ரேசர் நடுங்கிக்கொண்டு போனது. அடுத்த நாள் மறுபடி வட்டச் சோப்பு. அதில் நுரை குறைவு, ஆனால் வந்த மட்டும் வழுவழுப்பு. ரேசர் போன இடத்தில் எரியவில்லை. போகாத இடம்தான் அதிகம். அதற்கடுத்த நாள் மறுபடி கிரீம். இப்படி மாற்றி மாற்றி இழுத்ததில் தாடை ஆறவே இல்லை.

“ரெண்டையும் கலந்துடுங்க மாமா,” என்றான் மச்சான், பல் தேய்த்துக்கொண்டே. “அது கெட்டி, இது பொங்கும். கலந்தா கெட்டியா பொங்கும்.”

“நுரையக் கலக்கறதா? நானா?”

“ஏன், குத்தமா?”

குற்றம்தான். நிலையத்தில் நுரைக் கரைசல் பீப்பாய்கள் அடுக்கியிருக்கிற அறைச் சுவரில் ‘கலக்காதே’ என்று ஆளுயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். எழுதியவர் இவர்தான். ஒருமுறை யாரோ அவசரத்தில் ஒரு கம்பெனிக் கரைசல் இருந்த தொட்டியில் இன்னொரு கம்பெனிக் கரைசலை ஊற்றிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே தேன் நிறம். உள்ளே இரண்டும் சேர்ந்து கூழாகி, குழாயில் ஏறி, பயிற்சியின்போது எல்லோர் முன்னாலும் அடைத்துக்கொண்டது. தொட்டிக்குள் இறங்கி அதைக் கரண்டியால் சுரண்டி எடுத்தவரும் இவரே. அன்றிலிருந்து நுரை விஷயத்தில் கலப்பு என்ற பேச்சே அவருக்கு ஆகாது.

“என் வேலையே ரெண்டு நுரை சேராமப் பாத்துக்கறதுதான். வீட்டுல உக்காந்து அதையே செய்யச் சொல்றியா?”

“அது நெருப்புக்கு மாமா. இது மூஞ்சிக்கு.”

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெத்தைக் கிடங்கில் தீப்பிடித்ததாக அழைப்பு வந்தது ஒரு முற்பகலில். வண்டி போய் நின்றபோது கிடங்கின் கதவு வழியாகக் கறுப்புப் புகை உருண்டு வந்துகொண்டிருந்தது. நெட்டை கவசத்தை மாட்டினான். அவனுக்குப் பின்னால் விசில் என்கிற ஆளும் மாட்டினான். கவசத்துக்குள் மூச்சு விடும்போது மூக்கில் சீட்டியடிக்கிற ஆள், அதனால் அந்தப் பெயர். வழக்கமாகப் பம்ப்பைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். இப்போது இடம் மாறியிருந்தது. இருவரும் உள்ளே போனார்கள். நுரைக்காரர் வெளியே பம்ப்பின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு, வண்டி ரேடியோவில் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்லிக்கொண்டு நின்றார்.

“உள்ளே போனது யார்?” என்று மனைவியின் அலுவலகக் குரல் கேட்டது. உள்ளே போகிறவர்களைக் கட்டுப்பாட்டு அறையில் குறித்துக்கொள்வது வழக்கம்.

“நெட்டையும் விசிலும்.”

“பதிவாகிவிட்டது.”

பம்ப்பில் நிற்பது லேசான வேலை இல்லை. ஆனால் முதுகு கதவைப் பார்த்து இருக்கும்போது, அந்த முதுகு முழுக்கக் காதாக இருக்கும். அதை அவர் இதற்கு முன் அறிந்ததில்லை. தண்ணீர்க் குழாய் ஒருமுறை தரையில் துள்ளி நின்றது. உள்ளே யாரோ தடுமாறியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நெட்டை முதலில் வந்தான், பின்னால் விசில். நெட்டையின் தோள்பட்டை ஒரு பக்கமாக இழுபட்டுக் கிடந்தது. கவசத்தைக் கழற்றியதும் நேராக இவரிடம் வந்தான்.

“அவன் அழுத்தறானா தட்டறானான்னே தெரியலடா. பெசஞ்சுட்டே வரான். மாவு பெசையற மாதிரி.”

விசில் பின்னாலிருந்து கத்தினான்: “இவன் நின்னா நின்னுட்டே இருக்கான், போனா ஓடறான். நான் என்னத்தப் பிடிக்கிறது?”

“கொஞ்ச நாள் போனா பழகிடும்,” என்றார் நுரைக்காரர்.

“பழகும். பழகற வரைக்கும்?” நெட்டை தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். “உள்ள ஒரு ரேக் சரிஞ்சுச்சு. நீயா இருந்தா, நான் நின்னதுமே ஒரு இழுப்பு இழுத்திருப்ப. அவன் என்னைத் தள்ளிவிட்டான்டா. நல்லவேள, மெத்தை மேலதான் விழுந்தேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நுரைக்காரர் சிரிக்கவில்லை. நெட்டை இவருடைய முகவாயை விரலால் தொட்டுத் திருப்பிப் பார்த்தான்.

“என்னடா இது, மூஞ்சிய கோழி கொத்தின மாதிரி வெச்சிருக்க? ஏதாவது பண்ணித் தொலையேன்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நுரைக்காரர் மனைவியிடம் கேரட் துருவியைக் கேட்டார்.

“எதுக்கு?”

“சோப்பு துருவ.”

“கேரட்டு எதுல துருவறது அப்புறம்?”

“கழுவித் தரேன்.”

“நுரை நுரையா வருமே. சரி, எடுத்துக்கங்க. திருப்பித் தர வேண்டாம், எனக்குப் புதுசு வாங்கிக் குடுத்துடுங்க.”

வட்டச் சோப்பைத் துருவி ஒரு கோப்பையில் போட்டார். அதன் மேல் ட்யூபிலிருந்து கிரீமைப் பிதுக்கினார். கலக்கும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்தது. கூழாகப் போகிறதா என்று விட்டுவிட்டுப் பார்த்தார். கூழாகவில்லை. பிரஷ்ஷால் அடிக்க அடிக்க வெள்ளையாக எழும்பியது. மச்சான் வாசற்படியில் நின்று எட்டிப்பார்த்து வாயெல்லாம் பல்லாக இருந்தான்.

அடுத்து நுரைக்காரர் செய்தது, நுரையோடு பிழைக்கிற ஆள் மட்டுமே செய்யக்கூடியது. நிலையத்தில் புதுக் கரைசல் வந்தால் கொஞ்சம் நுரையாக்கிச் சுவரில் அடித்துப் பார்ப்பார்கள். வழியாமல் நின்றால் நல்ல நுரை, வழிந்தால் தள்ளுபடி. அதேபோல் பிரஷ்ஷிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துக் குளியலறைச் சுவரில் அறைந்தார். நின்றது. இன்னும் அடித்தார், இன்னும் கெட்டியாயிற்று. இன்னொரு உருண்டை. அதுவும் அசையவில்லை. அவருக்குத் திருப்தி. கோப்பையை மூடிவைத்தார்.

காலையில் மனைவி குளியலறையிலிருந்து கூப்பிட்டாள்.

“என்னங்க இது, செவுத்துக்கும் ஷேவ் பண்றீங்களா?”

இரண்டு உருண்டையும் வைத்தது வைத்தபடி ஒட்டிக்கொண்டிருந்தன. நுரைக்காரர் பெருமையோடு அதைப் பார்த்துவிட்டு, அதே பதத்தில் முகத்தில் பூசினார். கண்ணாடியில் பார்க்கக் கல்யாண கேக் மாதிரி இருந்தது. ரேசரை வைத்து இழுத்தார். பஞ்சுக்குள் கத்தி போவதுபோல் நுரைக்குள் போயிற்று. தோலுக்கு வந்ததும் பழைய கதைதான். சுழியில் தாவிற்று. தாடையில் ஒரு வெட்டு, காதோரம் ஒரு வெட்டு.

“சொன்னேன்ல, கலந்தா இப்படித்தான் ஆகும்,” என்றார் மச்சானிடம், காகிதத் துண்டை வெட்டில் ஒட்டிக்கொண்டு.

“நீங்க எங்க மாமா சொன்னீங்க? கலக்கச் சொன்னது நாந்தான்.”

“அதத்தான் சொல்றேன்.”

சோதனைக்காரர்கள் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நிலையத்தின் பின்கட்டில் அன்று எண்ணெய்த் தீப் பயிற்சி. அகலமான இரும்புத் தட்டில் எண்ணெயை ஊற்றிக் கொளுத்துவார்கள். ஒருவர் நுரை அடித்து அணைக்க வேண்டும். விசில் குழாயின் முனையைப் பிடித்திருந்தான். அவன் அடித்த நுரை கட்டி கட்டியாகப் போய்த் தட்டில் மலைபோல் குவிந்தது. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் மலைக்கும் மலைக்கும் இடையில் எண்ணெய் தெரிந்தது. தெரிந்த இடமெல்லாம் தீ நாக்கை நீட்டிற்று.

நுரைக்காரருக்குப் பொறுக்கவில்லை. பம்ப் பக்கத்திலிருந்தே சத்தம் போட்டார்.

“தண்ணியக் கூட்டுடா! செவுத்துக்கு அடிக்கிற நுரையத் தரையில கொட்டறியே! ஓடணும்டா அது, ஓடிப் போயி மூடணும்! நுரை ஒண்ணும் அணைக்காது, அதுக்கு அடியில எறங்கற தண்ணிதான்…”

பாதியில் நிறுத்திவிட்டார். கை தாடைக்குப் போயிற்று.

விசில் தண்ணீரைக் கூட்டினான். நுரை தளர்ந்து, பளபளவென்று ஆகி, தட்டின் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் பாய் விரித்தாற்போல் ஓடியது. தீ அடங்கிற்று. “அப்புறம்?” என்று அவன் இவரைப் பார்த்துக் கேட்டான். இவர் தாடையையே தடவிக்கொண்டிருந்தார். இருபது பேரிடம் இதே பாடத்தை ஒப்பித்திருப்பார்; சுவருக்கு ஒரு நுரை, தரைக்கு ஒரு நுரை. சுவரில் நிற்பது சூட்டை மறைக்கிற நுரை. அதற்குத் தண்ணீர் குறைவு. தரையில் ஓடுவது தீயை மூடுகிற நுரை. அதற்குத் தண்ணீர் அதிகம். முகத்துக்கு எது வேண்டும் என்பதை மட்டும் அவர் யோசித்ததில்லை. ரேசருக்கு அடியில் இறங்க வேண்டியது தண்ணீர். அவரோ விடிந்தும் வழியாத நுரையை முகத்தில் அப்பிக்கொண்டு, அது நிற்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று வீட்டில் மறுபடி கோப்பையைக் கழுவி முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை வரிசையையும் மாற்றினார். உப்புத் தண்ணீரைக் கண்டு கலங்காதது கிரீம்; ஆகவே முதலில் கிரீமைத் தண்ணீரில் கரைத்தார். தண்ணீரில் இருக்கிற உப்போடு அது மல்லுக்கட்டி முடிக்கட்டும். பிறகு துருவின சோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்தார். பழைய வீட்டில் பொங்கினாற்போலவே பொங்கிற்று. பொங்கியதோடு நிறுத்தவில்லை. பிரஷ்ஷின் நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு அடித்தார். நுரை உயரம் குறைந்து, மங்கல் போய், தயிர்மேல் வெயில் பட்டாற்போல் ஒரு மினுமினுப்பு வந்தது. பழக்க தோஷம், ஒரு உருண்டையைச் சுவரில் வைத்தார். அது நிற்கவில்லை, அவசரப்படாமல் மெல்லக் கீழே இறங்கிற்று.

“வழியுது மாமா,” என்றான் மச்சான் கவலையோடு.

“வழியட்டும்டா. அதுதான் வேணும்.”

முகத்தில் பூசி ரேசரை வைத்தார். கன்னத்தில் போன சத்தமே கேட்கவில்லை. தாடைக்கு அடியில் சுழியில் ஒரு பக்கமாக இழுத்து, மறுபடி பூசி, எதிர்ப்பக்கமாக இழுத்தார். விரலால் தடவினார். கண்ணாடிப் பாத்திரத்தைத் தடவுவதுபோல் இருந்தது. இன்னொரு தடவை தடவினார். மச்சானையும் தடவச் சொன்னார்.

“எனக்கு இருக்கிற மாதிரியே இருக்கு மாமா.”

“அவ்வளவு மோசமாவா?”

மனைவி வந்து பார்த்தாள். துருவியையும் பார்த்தாள். அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். அவர் துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு பின்னாலேயே போனார்.

“என்ன, ஒண்ணும் சொல்லல?”

“நல்லாருக்கு.”

“நல்லாருக்குன்னு இப்படியா சொல்லுவாங்க?”

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள். “நீங்க பம்ப்ல நின்னா ரேடியோல உங்க குரல் கேக்குது. அழுத்தம் சரி, தண்ணி சரின்னு சொல்லிட்டே இருப்பீங்க. உள்ள போயிட்டா கேக்காது. யாராவது ‘வெளிய வந்தாச்சு’ன்னு சொல்ற வரைக்கும் நான் மத்த போனெல்லாம் எடுத்துட்டே உக்காந்திருக்கணும். இந்தக் கொஞ்ச நாளா அது இல்லாம இருந்துச்சு. அவ்வளவுதான்.”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “அப்புறம் ஏன் துருவியக் குடுத்த?”

“குரல் கேக்கணும்னு உங்களக் கட்டியா போட முடியும்? அந்த மெத்தைக் கிடங்குக்குப் போயிட்டு வந்து நீங்க நின்ன கோலத்தைத்தான் பாத்தேனே.” பிறகு, “என் அறைக்கு நீங்க வர்றதும் எனக்கு வேண்டாம்,” என்று சேர்த்துக்கொண்டாள்.

சோதனை நாள் காலையில் அவர் நிதானமாகச் சவரம் செய்துகொண்டு போனார். கூடாரம் தயாராக இருந்தது. நெட்டை ஒருபுறம் கைகட்டி நின்றான். விசில் அவனைவிடக் கவலையாக நின்றான், அவனுக்குப் பம்ப்புக்குத் திரும்பினால் போதும் என்றிருந்தது. நுரைக்காரர் கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ரப்பர் விளிம்பு தாடைக்கு அடியில் வந்து பூனை படுத்தாற்போல் படுத்துக்கொண்டது. இடது பக்கம், வலது பக்கம், ஒன்றுமில்லை. அண்ணாந்து பார்த்தார். ஒன்றுமில்லை. குனிந்தார்.

குனிந்தபோது ஒரு வாசனை வந்தது.

லேசாகத்தான் வந்தது. நெட்டையைப் பார்த்தார், அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். வாசனை வந்தால் கையைத் தூக்கு என்பதுதான் விதி. என்ன வாசனை, எவ்வளவு வாசனை என்றெல்லாம் விதியில் இல்லை. இவர் தூக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் உள்ளே வருவது பழமாக இருந்தால், நாளைக்குப் புகைக்குள் நெட்டையின் தோளிலிருந்து நழுவப்போவது இவருடைய கைதான். விசில் பிசைந்துகொண்டாவது வருவான்.

கையைத் தூக்கினார்.

நெட்டை தலையில் கை வைத்துக்கொண்டான். அலுவலர் கூடாரத்தைத் தூக்கினார்.

“வாழைப்பழமா?”

நுரைக்காரர் கவசத்தைக் கழற்றி, மூச்சை ஒருமுறை இழுத்து, யோசித்துப் பார்த்துச் சொன்னார். “வாழைப்பழம்னு சொல்ல முடியாது சார். எலுமிச்சை மாதிரி இருக்கு.”

சோதனைக்கு வந்திருந்த பெண் தன் எசன்ஸ் புட்டியைத் திருப்பிப் பார்த்தாள். “நான் எலுமிச்சை கொண்டுவரலையே.” கிட்டே வந்து அவருடைய முகத்தை மோந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாசனை வெளியில இருந்து வரல. உங்க மூஞ்சிலதான் இருக்கு. என்ன போட்டுக்கிட்டு வந்தீங்க?”

“சோப்பு. ரெண்டு சோப்பு.”

“ரெண்டா?”

“கலந்து.”

“கலந்தா?” என்றார் நிலைய அலுவலர். அவருடைய கண் தானாக, எதிரே திறந்திருந்த நுரை அறையின் சுவருக்குப் போயிற்று. சிவப்பு எழுத்து அங்கிருந்தே தெரிந்தது. “நீயா?”

“இது மூஞ்சிக்கு சார்.”

வெறும் தண்ணீரில் முகத்தை நன்றாகக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். மூன்று தடவை கழுவினார். மறுபடி கவசம், மறுபடி கூடாரம். இடம், வலம், மேலே, கீழே. வாயைத் திறந்து பேசச் சொன்னார்கள். தன் பெயரையும் வேலையையும் உரக்கச் சொன்னார். உள்ளே ரப்பர் வாசனையைத் தவிர வேறெதுவும் இல்லை. கை மடியிலேயே இருந்தது. கூடாரத்தைத் தூக்கினபோது அந்தப் பெண் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அலுவலர் “போய் வேலையைப் பாரு” என்றார். அதுவும் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அடுத்த அழைப்பு ஒரு பெயிண்டுக் கடையிலிருந்து வந்தது. வண்டி நின்றதும் விசில் குதித்திறங்கிப் பம்ப்புக்குப் போனான், சொந்த வீட்டுக்குள் போவதுபோல. நுரைக்காரர் கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போகையில் வண்டி ரேடியோவில் மனைவியின் குரல் கேட்டது.

“உள்ளே போவது யார்?”

“நெட்டையும் நுரைக்காரரும்,” என்றான் விசில்.



“பதிவாகிவிட்டது,” என்றது அலுவலகக் குரல். உடனே வழக்கத்தில் இல்லாத ஒன்றும் சேர்ந்து வந்தது. “வெளியே வந்ததும் தாமதமில்லாமல் தெரிவிக்கவும்.”

“தெரிவிக்கிறோம் அக்கா,” என்றான் விசில்.

நுரைக்காரர் கவசத்தை மாட்டினார். விளிம்பு படிந்தது. நெட்டை முன்னால் போய் நின்று, தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொடுத்தான்.

“எலுமிச்ச வாசன வந்தா சொல்லு, திரும்பிடலாம்,” என்று கத்தினான் கவசத்துக்குள்ளிருந்து. அதில் பாதிதான் புரிந்தது.

நுரைக்காரர் கையை அவன் தோளில் வைத்து, தட்டினார். நட.